ஏற்காட்டுக் கல்லுக்கு வயசு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பாதையோரம் கல் பார்த்துக்கொண்டே நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்த மலைக்கு எவ்வளவு வயசு சார்? அது எப்படித் தெரியும்?" திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு என்ன வயசு?

எந்த வயது என்று நான் திருப்பிக் கேட்பேன். குதர்க்கம் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வீட்டைக் காட்டி வயது கேட்டால், தூணுக்கு மரம் வெட்டிய வருடமா, வீடு கட்டிய வருடமா, ஓட்டை எடுத்துவிட்டுத் தார்சு போட்ட வருடமா என்று கேட்க வேண்டியிருக்கும் அல்லவா? மலையும் அப்படித்தான்.

சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோக்கைட் என்ற பாறை. நாம் கருங்கல் என்கிறோம். ஜல்லியாக உடைத்தால் கட்டடக்காரர்கள் புளூ மெட்டல் என்பார்கள். சேலம் வட்டாரத்தில் இந்தப் பாறைக்கு மூலமான குழம்பு உறைந்தது சுமார் 253 கோடி ஆண்டுகளுக்கு முன். பிறகு அது நிலத்துக்கு வெகு ஆழத்தில், இருபது கிலோமீட்டருக்கும் கீழே அழுந்தி, வெந்து, உருமாறியது சுமார் 248 கோடி ஆண்டுகளுக்கு முன். மேலே இருந்ததெல்லாம் கரைந்துபோய் அந்தப் பாறை வெளிச்சத்துக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. இன்று நாம் ஏறுகிற மலையின் வடிவம் இன்னும் பிந்தியது. உச்சியில் இருக்கும் செம்மண்ணும் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவும் அந்த வடிவம் வந்த பிறகு மழையும் வெயிலும் சேர்ந்து சமைத்தவை.

ஆக நான்கைந்து நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது. கல்லுக்கென்று தனியாக ஒரு வயது கிடையாது. கல்லுக்கு நேர்ந்தவற்றுக்குத்தான் வயது உண்டு. கீழே வரும் குழப்பங்களில் பாதி இதை மறப்பதால் வருபவை.

கல்லைக் கண்ணால் பார்த்தே சொல்ல முடியாதா?

எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லலாம். எத்தனை ஆண்டு என்று சொல்ல முடியாது.

பாதை போடுவதற்காக வெட்டிய பாறைமுகம் ஒன்றின் அருகே போய் நில்லுங்கள். வெளிப்பக்கம் வெல்லப்பாகு பூசினாற்போலப் பழுப்பாக இருக்கும். அது வெயில் மழை பட்ட தோல். புதிதாக உடைந்த இடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவினது போல ஒரு பளபளப்பு. அதற்குள் வெளிர் நிறத்தில் ஒரு கை அகலத்துக்கு ஒரு நரம்பு குறுக்கே ஓடுகிறது என்று வையுங்கள். எது மூத்தது? கருங்கல்தான். சுவர் இருந்தால்தானே விரிசல் விழும், விரிசல் விழுந்தால்தானே அதற்குள் சிமெண்டு அடைக்க முடியும்? வெட்டிச் செல்வது வெட்டுப்பட்டதைவிட இளையது. இதே போல, மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்த இடங்களில் அடியில் இருப்பது மூத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-லேயே இதை எழுதி வைத்தார். ஏற்காட்டில் அப்படிப்பட்ட அடுக்கு இல்லாததால் நமக்கு அந்த வசதி குறைவு.

கண்ணை நம்பினால் எங்கே சறுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: கொடைக்கானல் மலையும் சார்னோக்கைட்தான். ஏற்காட்டுக் கல்லையும் கொடைக்கானல் கல்லையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே சில சமயம் தடுமாறும். ஆனால் இங்கே கல் வெந்தது 248 கோடி ஆண்டுகளுக்கு முன். அங்கே கடைசியாகக் கடுமையாக வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். முகம் ஒன்று, ஜாதகம் வேறு.

கார்பன் டேட்டிங் பண்ணித்தானே கண்டுபிடிக்கிறார்கள்?

இல்லை. பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கீழடிச் செய்திகளின் புண்ணியம். கார்பன்-14 உயிரோடு இருந்தவற்றில்தான் சேரும்: மரம், விதை, எலும்பு, கரி. அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பதாயிரம் ஆண்டு கடந்தால் அளக்கிற அளவுக்கு மிஞ்சாது. கருங்கல்லுக்குள் உயிரும் இருந்ததில்லை, காலமும் அந்தக் கணக்கில் அடங்காது. கல்யாண வீட்டுச் சமையலை மருந்து மூடியால் அளக்கப் போவது மாதிரி.

அப்புறம் எதை வைத்து அளக்கிறார்கள்?

யுரேனியத்தை வைத்து. ஆனால் முதலில் புளியங்கொட்டை.

தாயம் விளையாடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அதில் நூறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். வெள்ளை மேலே பார்க்க விழுந்தவற்றை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு குன்றிமணி வையுங்கள். மிச்சமிருக்கும் கொட்டைகளை மட்டும் மறுபடி குலுக்குங்கள். முதல் தடவை ஏறக்குறைய 50 மிஞ்சும், அடுத்தது 25, அடுத்தது 12, 13. எந்தக் கொட்டை எப்போது வெள்ளையாக விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நடுவில் ஒருவர் உள்ளே வந்து, "25 கொட்டை, 75 குன்றிமணி இருக்கிறது, அப்படியென்றால் இரண்டு தடவை குலுக்கியாயிற்று" என்று சொல்லிவிடலாம். அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

கொட்டை யுரேனியம், குன்றிமணி ஈயம். யுரேனியம்-238 அணுக்களில் பாதி ஈயம்-206 ஆக மாற 447 கோடி ஆண்டு ஆகும். இப்படி மாறுவதற்குச் சிதைவு என்று பெயர். பாதி மாற ஆகும் காலத்தைத்தான் அரைவாழ்வுக் காலம் என்கிறார்கள். யுரேனியம்-235 வேகமானது: 70 கோடி ஆண்டுக்குக் கொஞ்சம் மேலே, அது ஈயம்-207 ஆகும். பொட்டாசியம்-40 பாதியாக 125 கோடி ஆண்டு. அதில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாக மாறும். ரூபிடியம்-87 மகா சோம்பேறி, பாதியாவதற்கு ஏறக்குறைய 5,000 கோடி ஆண்டு.

இதன் அழகு, யுரேனியம் இருக்கும் இடத்தில் எல்லாம் இரண்டு கடிகாரம் சேர்ந்தே ஓடுகிறது என்பது. 253 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு மணியில், மிச்சமிருக்கும் யுரேனியம்-238 அணு நூற்றுக்கு ஈயம்-206 அணு 48 இருக்க வேண்டும். அதே மணியில் யுரேனியம்-235 அணு ஒன்றுக்கு ஈயம்-207 அணு 11 இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். வேறு வேறாகச் சொன்னால் நடுவில் ஈயம் கொஞ்சம் வெளியே கசிந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு, எப்போது கசிந்தது என்பதைக்கூட அந்த முரண்பாட்டிலிருந்தே கணக்கிடும் வழி 1956-லிருந்து இருக்கிறது. பொய் சொன்னால் தானே காட்டிக்கொடுத்துவிடும் சாட்சி இது. நிலவியலில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கருங்கல்லுக்குள் யுரேனியம் எங்கிருக்கிறது?

கருங்கல்லில் ஆங்காங்கே சிர்கான் என்ற படிகம் பொடிப்பொடியாகக் கிடக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் எடுக்கிறார்களே, அதே கனிமம். ஒரு மணி பெரும்பாலும் கால் மில்லிமீட்டரைத் தாண்டாது. பாறைக்குழம்பு உறையும்போது சிர்கான் யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஈய அணுவின் பருமனும் மின்னூட்டமும் அதன் கட்டமைப்பில் பொருந்தாது. கல்யாண மண்டப வாசலில் ஆள் பார்த்து விடுவது போல. ஆகவே பிறக்கும்போது ஈயம் ஏறக்குறைய இல்லாமல் கடிகாரம் பூஜ்யத்தில் தொடங்குகிறது.

பிறகு அது எளிதில் சாகாது. உருட்டினாலும், ஆற்றில் அடித்துப் போனாலும், பாறை மறுபடி வெந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு சிர்கான் மணிக்கு 440 கோடி ஆண்டு. அது பிறந்த பாறை எப்போதோ அழிந்துவிட்டது. மணி மட்டும் இருக்கிறது.

அதை எப்படிப் பிரித்து எடுக்கிறார்கள்?

நம் வீட்டில் அரிசி அரிப்பது தெரியும்தானே? அதே வித்தை. சில கிலோ கல்லை உடைத்து, அரைத்து, சல்லடையில் சலிப்பார்கள். அந்தப் பொடியைத் தண்ணீரில் அலசி ஆட்டினால் இலேசானது போய்விடும், கனமானது தங்கும். காந்தம் வைத்து இரும்புச் சத்துள்ளதை இழுத்துவிடுவார்கள். பிறகு கனமான திரவம் ஒன்றில் போட்டால் பெரும்பாலான கனிமங்கள் மிதக்கும், சிர்கான் அடியில் போகும். கடைசி வேலை மனிதக் கைதான்: நுண்ணோக்கியின் கீழே ஊசி முனையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டும். ஒரு மாணவி நாள் முழுக்க உட்கார்ந்து பொறுக்கி முடித்த நேரத்தில் ஒரு தும்மல் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

பொறுக்கியதைப் பிசினில் பதித்து, பாதியளவு தேய்த்து மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றையில் படம் பிடிப்பார்கள். அப்போது மணிக்குள் வளையங்கள் தெரியும். நடுவில் ஒரு பழைய கரு, அதைச் சுற்றிப் பிற்பாடு வளர்ந்த ஓரம். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லாத ஒரு புள்ளியை லேசரால் சுட்டு ஆவியாக்கி, அந்த ஆவியை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்பி, யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று எண்ணுவார்கள். லேசருக்குப் பதில் அயனிக் கற்றையால் சுடும் கருவியும் உண்டு. கருவில் ஒரு புள்ளி, ஓரத்தில் ஒரு புள்ளி. ஒரே மணியில் 253-ம் 248-ம் கிடைப்பது இப்படித்தான். குழம்பு உறைந்தபோது கரு. ஆழத்தில் வெந்தபோது ஓரம்.

ஆரம்பத்திலேயே கொஞ்சம் ஈயம் உள்ளே போயிருந்தால்?

போயிருக்கலாம். ஈயத்தில் 204 என்று ஒரு வகை உண்டு. அது எந்தச் சிதைவிலும் உண்டாகாது. ஆகவே மணியில் ஈயம்-204 தென்பட்டால் அது வெளியாள். அதன் அளவைக் கொண்டு, கூட வந்த மற்ற ஈயம் எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்துவிடலாம்.

சிதைவின் வேகம் அன்றும் இதே அளவுதான் என்று எப்படி நம்புவது? யாரும் பார்க்கவில்லையே?

நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. பெரியவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

சூடு, அழுத்தம், ரசாயனம் என்று எதைக் கொண்டு படுத்தினாலும் யுரேனியத்தின் வேகம் அசைவதில்லை. மாற்றம் நடப்பது அணுக்கருவுக்குள், வெளியே அடுப்பு எரிவது அதற்குத் தெரியாது. இது ஆய்வகச் சான்று. பழங்காலச் சான்றும் உண்டு. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில் யுரேனியம்-235 கொஞ்சம் குறைவாக இருப்பதை 1972-ல் பிரெஞ்சுக்காரர்கள் கவனித்தார்கள். தோண்டித் துருவியதில், ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இயற்கையாகவே ஓர் அணு உலை எரிந்திருக்கிறது என்று தெரிந்தது. அது விட்டுச்சென்ற எச்சங்களை ஆராய்ந்தபோது, அணுக்கருவின் விதிகள் அன்றும் இன்றைப் போலவே இருந்தன என்று தெரிந்தது. இன்னொன்று வானத்தில்: 1987-ல் வெடித்துத் தெரிந்த ஒரு விண்மீனின் ஒளி, கோபால்ட்-56-இன் 77 நாள் அரைவாழ்வுக்கு ஏற்பத் தேய்ந்தது. அந்த ஒளி கிளம்பி ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வெசுவியஸ். இத்தாலியில் அந்த எரிமலை கி.பி. 79-ல் வெடித்து பொம்பெய் நகரத்தைப் புதைத்தது. பார்த்தவரே எழுதி வைத்திருக்கிறார். அதன் கல்லை ஆர்கான் முறையில் அளந்து 1997-ல் வெளியிட்டார்கள். வந்த விடை 1,925 ஆண்டு, கூடவோ குறையவோ 94. உண்மை 1,918.

ஒரே பாறைக்கு ஒருவர் 248 கோடி என்கிறார், இன்னொருவர் குறைவாகச் சொல்கிறார். யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. இருவரும் வெவ்வேறு நிகழ்வை அளந்திருப்பார்கள்.

கொதிக்கிற பாத்திரத்தில் ஆவி தங்காது. ஆறி மூடி போட்ட பிறகுதான் தங்கும். கனிமங்களும் அப்படி. சிர்கான் 900 டிகிரி வெப்பத்திலும் ஈயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பயோட்டைட் என்ற கறுப்பு அபிரகமோ 300 டிகிரி வாக்கில் ஆறும் வரை ஆர்கானை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். ஆக சிர்கான் சொல்வது படிகம் பிறந்த காலம். அபிரகம் சொல்வது பாறை ஆறி 300 டிகிரிக்கு வந்த காலம். அப்படைட் என்ற கனிமத்தில் யுரேனியம் பிளந்து விழுந்த தழும்புகளை எண்ணினால், பாறை 100 டிகிரிக்கு ஆறிய காலம் கிடைக்கும், அதாவது அது நிலத்தின் மேல்பரப்பை நெருங்கிய காலம். இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு மலை எவ்வளவு வேகமாக மேலே வந்தது என்ற கதையே கிடைத்துவிடும். முரண்பாடு என்று தோன்றுவதுதான் இங்கே தகவல்.

கஞ்சமலை இரும்புக்கு 4,000 வருஷம் என்று படித்தேனே?

அது மனிதன் இரும்பைத் தொட்ட வயது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அரசு அறிவித்தது. அங்கே அளந்தது கார்பனை. இரும்போடு சேர்ந்து கிடைத்த பொருளின் கார்பன். கஞ்சமலையின் காந்த இரும்புத் தாதுவோ அதைச் சுற்றியுள்ள பழம்பாறைகளோடு சேர்ந்தே வெந்து உருமாறியது. அதன் கணக்கு கோடிகளில். சேலம் உருக்காலைப் பக்கம் நின்று பார்த்தால் மலை தெரியும். வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு நேற்று வயது, மயிலாடும்பாறைக் கத்திக்கு நாலாயிரம், மலைக்கு இருநூற்றைம்பது கோடி. இரும்பு ஒன்றுதான்.

வெள்ளைக்கல்லும் பாக்சைட்டும் எவ்வளவு பழசு?

இரண்டுமே தொல்லை பிடித்தவை. ஓமலூர் ரோட்டில் போகும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற கரடுகளை வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று எழுதிவிட்டான். அது சாக்பீஸ் சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். பூமியின் வெகு ஆழத்திலிருந்து வந்த டியூனைட் என்ற பாறையின் விரிசல்களில், கரியமில வாயு கரைந்த தண்ணீர் இறங்கி, அந்தப் பாறையின் மக்னீசியத்தைத் தின்று வெள்ளை நரம்புகளாக மாற்றியது. அந்த நரம்பில் நமக்கு வேண்டிய யுரேனியமோ பொட்டாசியமோ அளக்கும் அளவுக்கு இருப்பதில்லை. ஆனால் நரம்பு டியூனைட்டை வெட்டிச் செல்கிறது, ஆகவே இளையது என்று கண்ணே சொல்லிவிடும்.

பாக்சைட்டில் இருக்கும் பொறி வேறு. சேர்வராயன் உச்சியின் பாக்சைட், அடியிலுள்ள சார்னோக்கைட் மக்கி உண்டானது. அதற்குள் சிர்கான் தேடினால் கிடைக்கும். அளந்தால் 253 கோடி என்றும் வரும். "பாக்சைட் 253 கோடி ஆண்டு பழையது" என்று எழுதிவிட்டால் போச்சு! பேரனின் கழுத்தில் தாத்தாவின் சங்கிலியைப் பார்த்துப் பேரனுக்கு எண்பது வயசு என்று சொன்ன கதையாகிவிடும். காவேரி மணலுக்கும் இதே எச்சரிக்கை. மக்கிய மண்ணின் காலத்தை அறிய, மக்கும்போதே புதிதாக உண்டான கனிமத்தை அளக்க வேண்டும். பொட்டாசியம் உள்ள மாங்கனீசுக் கனிமம் அகப்பட்டால் ஆர்கான் முறை, இல்லாவிட்டால் இரும்புத் துரு மணிகள் உறைந்தபோது பூமியின் காந்தம் எந்தப் பக்கம் பார்த்தது என்ற முறை.

சேலத்தில் டைனோசர் புதைபடிவம் கிடைக்குமா?

கிடைக்காது. நம் பாறை வெந்தபோது பூமியில் நுண்ணுயிர்கள் மட்டுமே; தவிர, அவ்வளவு சூட்டில் எதுவும் மிஞ்சாது. புதைபடிவம் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே பஸ் ஏறுங்கள்: அரியலூர், பெரம்பலூர். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக் கிடக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் சுருட்டைச் சிப்பிகளுக்கு அம்மோனைட் என்று பெயர். அவற்றின் இனங்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறிக்கொண்டே வந்ததால், எந்த இனம் என்று பார்த்தே அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் காலவரிசைக்கு எண் கொடுப்பது மறுபடி நம் சிர்கான்தான்: உலகில் எங்காவது அதே படிவங்கள் உள்ள அடுக்குக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் படிந்திருக்கும், அந்தச் சாம்பலில் சிர்கான் இருக்கும்.

நிலநடுக்கம் போன்ற நிகழ்வுக்கு வயது சொல்ல முடியுமா?

முடியும், தடயம் கிடைத்தால். ஆத்தூர்ப் பக்கம் கெங்கவல்லியில், பாறை பாறையோடு உரசி உருகி உடனே உறைந்த கறுப்பு நரம்புகளை விவரித்திருக்கிறார்கள். பெரிய நிலநடுக்கத்தின் சில நொடிகளில் உண்டாவது அது. அப்படி உருகி உறைந்ததில் கடிகாரம் மறுபடி பூஜ்யமாகும் என்பதால் அளக்க வாய்ப்பு உண்டு. விண்கல் விழுந்ததும் அப்படித்தான். டைனோசர்களை முடித்த மெக்சிகோ விண்கல்லுக்கு 6 கோடியே 60 லட்சம் ஆண்டு என்பது தெறித்து உறைந்த கண்ணாடித் துளிகளை அளந்து கண்டது.

பூமியின் வயசு 454 கோடி என்று முதலில் சொன்னது யார்?

நீண்ட சண்டைக்குப் பிறகு வந்த எண் அது. கெல்வின் பிரபு 1862-ல், பூமி உருகிய நிலையிலிருந்து ஆறிவரும் வேகத்தைக் கணக்கிட்டு 2 கோடிக்கும் 40 கோடிக்கும் நடுவே என்றார். பிற்பாடு இன்னும் குறைத்தார். நிலவியலாளர்களுக்கு அது போதவில்லை, ஆனால் அவ்வளவு பெரிய கணக்காளரோடு யார் வாதாடுவது? 1896-ல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார். 1911-ல் ஆர்தர் ஹோம்ஸ் என்ற இளைஞர் யுரேனியமும் ஈயமும் கொண்டு நார்வேப் பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டு என்று கணக்குப் போட்டார். அப்போது அவருக்கு 21 வயதுதான்.

கடைசியில் 1956-ல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடி என்று எழுதினார். பூமியின் ஆரம்பப் பாறை எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் அதே காலத்தில் பிறந்த விண்கற்கள் மாறாமல் இருக்கின்றன என்பதே அவர் பிடித்த வழி. வருடக்கணக்கில் அவரைப் படுத்தியது விண்கல் இல்லை, ஆய்வகத் தூசி. எங்கே தொட்டாலும் வெளி ஈயம் வந்து ஒட்டியது. கழுவிக் கழுவி, மிகத் தூய்மையான ஓர் ஆய்வறையையே உருவாக்கினார். இந்த ஈயமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பின்னர் துருவியபோது பெட்ரோலில் கலந்த ஈயம் என்று தெரிந்து, அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். இன்று பங்க்கில் ஈயமில்லாத பெட்ரோல் கிடைப்பதில் அவருக்கும் பங்குண்டு.

பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருஷம். நம் முன்னோர் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் அல்லவா?

ஒவ்வொரு நடையிலும் ஒருவர் கேட்பார், கேட்டுவிட்டு மற்றவர்களைப் பெருமையாகப் பார்ப்பார். அந்த எண் யுகங்களைப் பெருக்கி வந்தது; கல்லை அளந்து வந்தது இல்லை. 454-க்குப் பக்கத்தில் இருப்பது தற்செயல். ஆனால் காலத்தைக் கோடிகளில் நினைக்கத் தயங்காத மனம் நம்மிடம் இருந்தது என்பது எனக்கும் பிடித்த விஷயம். அதோடு நிறுத்திக்கொள்வேன்.

நம் பக்கத்துக் கல் நிலாவுக்குப் போனதாமே?

போகவில்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தோசைட் பாறை, நிலாவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்து, சந்திரயான் தரையிறங்கி ஓடிப் பழகும் செயற்கை நிலாமண் ஆக்கியது இஸ்ரோ. ஜாடை ஒன்று, சொந்தம் இல்லை. சித்தம்பூண்டிக் கல்லுக்கு 250 கோடி ஆண்டுக்குச் சற்றே மேல். நிலாவின் மேட்டுப் பாறைகளோ 400 கோடியைத் தாண்டியவை.

"253 கோடி, கூட்டல் கழித்தல் 50 லட்சம்" என்கிறார்கள். 50 லட்சம் வருஷம் தப்பு வரலாமா?

கேட்க அதிகம், கணக்கில் குறைவு: நூற்றில் 0.2 பங்கு. மளிகைக் கடையில் ஒரு கிலோவுக்கு இரண்டு கிராம் ஏறக்குறைய இருந்தால் யாரும் சண்டை போட மாட்டோம்.

எங்கள் தோட்டத்துக் கல்லுக்கு வயது பார்க்க முடியுமா?

ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் போன்ற இடங்களில் இந்த வேலை நடக்கிறது. ஆனால் ரத்தப் பரிசோதனை போலக் கல்லைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க முடியாது. ஆராய்ச்சித் திட்டத்தின் பகுதியாகத்தான் செய்வார்கள். ஊர்ப் பாறையைப் பற்றி ஏற்கனவே அளந்திருப்பார்கள். அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கல் எடுப்பதாக இருந்தால் என் கதையைக் கேட்டுவிட்டு எடுங்கள். மாணவனாக இருந்தபோது மலைப்பாதையோரம் அருமையான ஒரு பெரிய கல்லைப் பார்த்தேன். புதிதாக உடைந்த முகம், துளிகூட மக்கவில்லை. சுத்தியலால் நான்கு கிலோ உடைத்து, சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், அரைத்து, சலித்து, மூன்று வாரம் மணி பொறுக்கினேன். கடைசியில் அதே பாதையில் இறங்கும்போது டீக்கடைக்காரர் சொன்னார்: "அந்தக் கல்லா தம்பி? தடுப்புச் சுவர் கட்ட லாரியில வந்து கொட்டுனது." எந்தக் குவாரி என்று அவருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் பொறுக்கிய மணிகளை என் ஆசிரியர் ஒரு கவரில் போட்டு, மேலே "விலாசம் இல்லாதவர்" என்று எழுதி என்னிடமே கொடுத்துவிட்டார். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே காப்புக் காட்டுக்குள் கல் உடைக்காதீர்கள், அனுமதி வேண்டும். சொந்த நிலத்தில் எடுப்பதென்றால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மக்கிய தோலை நீக்கிவிட்டு உள்கல்லை எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு காலை வைத்து அந்தக் கல் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.